நீட்டிய இடதுகை

காலையில் நீலச் சட்டை.
அனுப்பானடி தாண்டி ஒரு பெண்கள் கல்லூரியில்
சாஃப்ட்பால் இறுதி ஆட்டம்.
மத்தியானம் கறுப்புச் சட்டை.
ரேஸ்கோர்ஸில் பையன்களின் பேஸ்பால் தேர்வு,
வர வேண்டிய அம்பயருக்கு அம்மை போட்டிருக்கிறது.
சட்டை காஜாமைதீனின் தம்பியுடையது.
தோள் தையல் என் முழங்கையில் வந்து நிற்கிறது.

இடையில் தல்லாகுளத்தில் ஒரு டீ.
"ஒங்க ஆட்டத்துல ஸ்ட்ரைக் சொல்றது
பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுற மாதிரி இருக்கு டீச்சர்.
மூணாவது ஸ்ட்ரைக்குக் கெணத்து வாளியை இழுக்கணும்,
ஒரே இழு!"
இழுத்துக் காட்டினான்.
பக்கத்தில் நின்றவர் பஜ்ஜியோடு நகர்ந்துகொண்டார்.

நான் பந்து கையுறைக்குள் அடங்கியபின்
நிமிர்ந்து நின்றுதான் சொல்வேன்.
அவன் குனிந்தபடியே கத்துவான்.
உள்வட்டத்தில் பந்து செங்குத்தாய் ஏறினால்
அவனுக்கு ஒற்றை விரல், எனக்கு மூடிய கை.
ஓட்டக்காரன் ஏறிவிட்டால்
அவன் கட்டத்துக்குள் புகுந்து நிற்பான்,
நான் வெளியே, ஆடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால்.
எங்கள் பெண்கள் பந்து கையை விட்டுப் போகும்வரை
தளத்திலிருந்து கால் எடுக்கக் கூடாது.
எடுத்தால் அவுட்.
அவன் பையன்கள் திருடுவதற்குத் தோதாக
பத்தடி முன்னாலேயே போய் நிற்கலாம்.
இதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.
டீக்குக் காசு கொடுத்தேன்.

காலையில் பாண்டிமீனா எறியும்போது தாவினாள்.
இடதுகையை நீட்டினேன், தோள் மட்டத்துக்கு,
முஷ்டி மூடி.
பார்த்துவிட்டேன், நீங்கள் ஆடுங்கள்,
முடியட்டும், அப்புறம் கேட்கிறேன் என்று அர்த்தம்.
அடித்த பெண் இரண்டு தளம் ஓடினாள்.
கேட்க ஒன்றும் மிச்சமில்லை. கையை இறக்கிக்கொண்டேன்.
பதினாறு வருஷமாய் இப்படித்தான்,
வீட்டிலும் பல விஷயங்களில்.

மத்தியானம் முதல் தளத்தில் ஆள்.
எறிகிற பையன், உசிலம்பட்டி மாயழகு,
இரண்டு கையும் சேர்த்து ஒரு கணம் நிற்க வேண்டியவன்
நிற்காமல் எறிந்தான்.
அது பால்க். வாயால் சொல்ல வேண்டியது.
சுட்டிக்காட்டி, மைதானம் அதிர.
என் இடதுகை நீண்டது.
வாய் மூடியே இருந்தது.
பந்து உயர்ந்து போய் ஒருவன் கையில் விழுந்தது.
விசில், கைதட்டல். என் கை மட்டும் அப்படியே.

பிடித்தது செல்லாது, ஓட்டக்காரன் இரண்டாம் தளத்துக்கு
என்றேன்.
கோச் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார்.
"சத்தமே வரலையே."
கேட்சர்: "சார்... மேடம், எனக்கு முதுகுலயா கண்ணு?"
காஜா அருகே வந்து, மிக மெதுவாக,
"சொன்னீங்களா?"
கை சொன்னது என்றேன்.
"கைக்கு இங்க பாஷை வேற டீச்சர்."

அப்போது மாயழகு மேட்டிலிருந்து இறங்கி வந்தான்.
"நான் பாத்தேன். பஸ்ஸ மறிக்கிறாங்கன்னு நெனச்சேன்."
எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.
"நான் நிக்கலை. அதுவும் தெரியும்."
கோச் தொப்பியை மாட்டிக்கொண்டார்.
திரும்பிப் போகும்போது பையன் கேட்டான்:
"தெரிஞ்சும் ஏன் மேடம் எறிய விட்டீங்க?"

அடுத்த இன்னிங்ஸில் ஒருவன் மூன்றாவது ஸ்ட்ரைக்கைப்
பார்த்துக்கொண்டே நின்றான்.
குனிந்தபடி கத்தினேன். வாளியை இழுத்தேன்.
தம்பியின் சட்டை அக்குளில் கிழிந்தது.
காஜா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வவுச்சரில் கையெழுத்து:
சாஃப்ட்பாலுக்கு முந்நூற்றைம்பது, பேஸ்பாலுக்கு ஐந்நூறு.

இருட்டியபின் பஸ் நிறுத்தம்.
வலதுகையில் கிட்பை, அதனால் இடதுகையை நீட்டினேன்.
திருமங்கலம் வண்டி இரண்டு கம்பம் தாண்டிப் போய் நின்றது.
நெஞ்சுக்கவசமும் முகமூடியும் மோதிக்கொள்ள ஓடினேன்.
"கையக் காட்டக் கூடாதா?" என்றார் கண்டக்டர்.
காட்டினேன் என்றேன்.
"மூடிக்கிட்டா காட்டுவாங்க?"

ஜன்னலோரம் இடம் இருந்தது.
சட்டைப் பையில் கிளிக்கர்
கடைசி ஆட்டக்காரனின் இரண்டு பால், ஒரு ஸ்ட்ரைக்கில்
அப்படியே நின்றது.
எடுத்துப் பார்த்தேன்.
பழங்காநத்தம் வரை திருப்பி வைக்கவில்லை.