இரண்டாம் வெள்ளி

ஆப்பியா துறைமுகத்துச் சரக்கு அலுவலகத்தில்
சுவரில் இரண்டு கடிகாரங்கள்.
ஒன்றின் கீழே ஆப்பியா,
மற்றதன் கீழே பாகோ பாகோ.
இரண்டிலும் மணி பத்தே கால்.

புதிதாய் வருகிறவர்கள் சிரிப்பார்கள்.
லோசா சிரிப்பதில்லை.
நடுவில் இருப்பது முழுசாய் ஒரு நாள்.
அதைக் காட்ட
முள் செய்யவில்லை எவனும்.

வாரத்தில் நான்கு நாள்தான்
இரு கரையும் சேர்ந்து வேலை செய்யும்.
இங்கே திங்கள் என்றால்
அங்கே ஞாயிறு, தேவாலயத்தில் பாட்டு.
அங்கே வெள்ளி, மேஜை நிறையக் கோப்பு;
இங்கே சனி, மீன் சந்தை.
மிச்சத்தில்
பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது,
கிடைத்தாலும்
அது அங்கே செவ்வாய்.

இரண்டு டன் கோழிக்கால்
குளிர்பெட்டகத்தில் அங்கே நிற்கிறது,
ஒரு கையெழுத்துக்காக.
'வெள்ளி பத்து மணிக்குப் பேசலாம்'
என்று எழுதினான் பெனியமினா.
'சரி' என்றாள்.
சரிதான், இருவரும்.

வெள்ளிக்கிழமை கைபேசியில் தேடிப் பார்த்தாள்:
பாகோ பாகோவில் இப்போது நேரம் என்ன?
ஒன்பது ஐம்பத்தெட்டு.
அதற்கடியில் சின்ன எழுத்தில்
'நேற்று' என்று இருந்தது.
சின்ன எழுத்தை யார் படிக்கிறார்கள்?

திரையில் அவள் முகம் மட்டும்.
நாற்பது நிமிடம்
தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
தலைமுடியை ஒருமுறை சரிசெய்தாள்.

மறுநாள் சந்தையில்
சூரை மீனுக்குப் பேரம் பேசும்போது மணி அடித்தது.
'எங்கே இருக்கிறாய்? பத்தாகிவிட்டது.'
'நேற்றே வந்தேனே.'
'நேற்று வியாழன் அல்லவா?'

மேலாளர் உலுபோட்டோவுக்குப் பொறுமை அவ்வளவுதான்:
'பேசிக் கிழித்தது போதும்.
போய் வாங்கிக்கொண்டு வா.'
மீனைப் பனிக்கட்டிக் கடையில் ஒப்படைத்துவிட்டு
விமானம் ஏறினாள்.
முப்பத்தைந்து நிமிடம்.
கீழே கடல் பார்த்தாள்.
கோடு எதுவும் இல்லை,
ஒரு படகு மட்டும்,
எந்தக் கிழமையில் இருக்கிறோம் என்ற கவலையின்றி.

இறங்கினால் வெள்ளி.
பெனியமினா எழுந்து வந்தான்.
மூன்று வருடமாய்த் தோள்வரை தெரிந்தவன்,
கால் சற்று சாய்த்து நடப்பான் என்பது
இன்றுதான் தெரிந்தது.
'சொன்ன நாளுக்கு வந்துவிட்டாய்,
மூன்றரை மணி நேரம்தான் தாமதம்'
என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான்,
தேதியும் போட்டான்.
அவள் நேற்றுக் காத்திருந்த அதே தேதி.

மாலை விமானம் சனிக்கிழமையில் இறங்கியது.
மீன் கெடவில்லை.

கெட்டது கணக்குப் பிரிவில்.
மிகைநேரப் படிவம்: வெள்ளிக்கிழமை, நான்கு மணி நேரம்.
கணினி சிவந்தது:
அந்த வெள்ளிக்கு ஏற்கெனவே கூலி தந்தாயிற்று.
'சனி என்று போடுங்கள்.'
'கையெழுத்தில் வெள்ளி என்று இருக்கிறதே'
என்றான் ஃபாமனு,
கண்ணாடியைத் துடைத்தபடி.

பிறகு ஏதோ நினைவு வந்தவனாய்:
'நாடு கோட்டைத் தாண்டிக் குதித்தது நினைவிருக்கிறதா?
டிசம்பர் இருபத்தொன்பது இரவு படுத்தோம்,
முப்பத்தொன்றில் எழுந்தோம்.
நடுவில் தொலைந்ததும் ஒரு வெள்ளிதான்.
யாரும் வேலை பார்க்காத அந்த நாளுக்குச்
சம்பளம் வாங்கினாயே.
இப்போது நேராகிவிட்டது.'

அவளுக்குப் பதில் வரவில்லை.
அந்த வெள்ளியின் வெள்ளி
எப்போதோ குழந்தையின் செருப்பாகி,
தேய்ந்தும் போயிற்று.

திங்கள் காலை முதல் ஆளாய் வந்து
பாகோ பாகோ கடிகாரத்தைக் கழற்றினாள்.
சுவரில் வெளிறாத வட்டம் ஒன்று.
நாட்காட்டியில் நேற்றையத் தாளைக் கிழித்தாள்,
எறியவில்லை.
வட்டத்தின் நடுவே
அதே ஆணியில் குத்தினாள்.

ஞாயிறு.
அங்கே இப்போது பாடிக்கொண்டிருப்பார்கள்.
யாரையும் அழைக்கவில்லை.