நடுவில் என்ன தெரிகிறது

கேட்டைத் தாண்டியதும் ஹெட்லைட்டை அணைத்துவிட வேண்டும்.
அது ஒன்றுதான் விதி. மற்றதைப் பேசிக்கொள்ளலாம்.
நாட்டிமக் ஊரின் மைதானத்துக்குப் பின்னால்,
கோதுமைக் குதிர்களுக்கு அந்தப்புறம்,
நடைவேகத்தில் ஊர்ந்து வந்து
புல்லின் மேல் நிறுத்துகிறேன்.
"யாரது?" என்கிறது இருட்டு.
"தமயந்தி."
"எக்ஸ்ரே தமயந்தியா? ஃபிளாஸ்க் இருக்கிறதா?"

அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை எங்கள் கூட்டம்.
மாமியார் விரதத்துக்குப் புரட்டும் அதே காலண்டரில்
நான் இதற்கு நாள் பார்க்கிறேன்.
பதினோரு பேர், ஏழு தொலைநோக்கி,
சிவப்புத் தாள் சுற்றிய டார்ச்சுகள்.
அந்த வெளிச்சத்தில் முகமென்று ஒன்று கிடையாது:
ஒரு மோவாய், மூக்குக்கண்ணாடியின் விளிம்பு,
பிஸ்கட்டை நீட்டும் கையுறை.

இரண்டு வருடம் பழகிய ரோடலை
ஹார்ஷம் மருந்துக்கடை வரிசையில் எனக்குத் தெரியவில்லை.
முன்னால் நின்றவர் இருமினார்.
வியாழனின் நான்கு நிலவுகளையும் எண்ணி முடிப்பதற்குள்
எத்தனை முறை கேட்ட இருமல்!
பகலில் அகப்பட்ட இரண்டு ஆந்தைகளைப்போல
கண்ணைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டோம்.
இவ்வளவு இளமையானவர் என்று நினைக்கவில்லை.
அவரும் என்னைப் பற்றி எதையோ நினைக்கவில்லை.

என் கல்யாணத்தில், மெல்பர்ன் மண்டபத்துக்குள்,
ஐயர் மின்விசிறிப் பக்கம் கைகாட்டி
"அருந்ததி தெரிகிறதா?" என்றார்.
தெரிகிறது என்றோம், இருவருமே.
மெல்பர்னிலும் சரி இங்கேயும் சரி
அது உதிப்பதேயில்லை என்று
லாக்லன் வரைபடத்தை விரித்துக் காட்டிய இரவு
உறைபனியில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன்.
வீட்டுக்கு வந்து அவரை எழுப்பிச் சொன்னேன்.
"எனக்கு அன்றைக்கே தெரியவில்லை" என்று
போர்வையை இழுத்துக்கொண்டார்.

பெரிய தொலைநோக்கி கிளெனிஸுடையது.
தண்ணீர் பீப்பாய் பருமன்.
கண்ணாடியை ஒரு குளிர்காலம் முழுக்க
கொட்டகையில் அவளே தேய்த்தெடுத்தாள்.
இப்போது அவள் பார்வையின் நடுவில் ஒரு பொட்டு இருட்டு.
எதை நோக்கினாலும் சரியாக அதையே மறைக்கும்.
மங்கலானதை நேராகப் பார்க்காதே, ஓரக்கண்ணால் பார்:
இங்கே எல்லோரும் பழகவேண்டிய பாடம்.
அவளுக்கோ ஓரம் மட்டும்தான் மிச்சம்.

அதனாலென்ன, குழாயைத் தோளால் ஒரு தள்ளு,
கொட்டிலுக்குள் பசுவைத் திருப்புவதுபோல.
ஒமேகா சென்டாரி வந்து நிற்கிறது.
"விளிம்பு எனக்குத் தெரியும்," என்கிறாள்.
"நடுவைச் சொல்லுங்கள்."

அறுவடை இயந்திரத்தின் வெளிச்சத்தில் பறக்கும் தூசி,
லாக்லன் சொல்கிறான்.
வலையில் ஒட்டிய உப்பு, இது ரோடல்.
என் முறை.
கறுப்புக் கல்மேடையில் கொட்டிய ரவை.

"வறுத்ததா, வறுக்காததா?"
போன மாதம் என் உப்புமாவை
இரண்டாம் முறை கேட்டு வாங்கியவள் கேட்கிறாள்.

மறுபடி குனிகிறேன்.
என் மூச்சு வில்லையில் படிந்து எதுவுமே இல்லை.
பின்னால் வரிசை பூட்ஸைத் தட்டிக்கொண்டு நிற்கிறது.
யாரும் அவசரப்படுத்தவில்லை.
ஆவி விலகுகிறது, ஓரத்திலிருந்து.

வறுக்காதது, என்கிறேன்.
இல்லை, இரு,
நடுவில் மட்டும் லேசாகச் சிவந்திருக்கிறது.