எட்டரைக்குத் தலைக்கு மேலே

தோஹாவிலிருந்து ஆக்லாந்துக்குப்
பதினாலாயிரத்து ஐந்நூற்று முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர்.
காற்று ஒத்துழைத்தால் பதினாறு மணி நேரம்,
இல்லையென்றால் பதினேழு.
டிராவல்ஸ் பலவேசம் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான்.
டிக்கெட் போடவா என்றான்.
எனக்கு இல்லை, தூரம் மட்டும் போதும் என்றேன்.
அதற்குக் காசு வாங்கவில்லை.

அந்தப் பக்கம் அண்ணன் கோமதிநாயகம், ஏ.சி. மெக்கானிக்.
இந்தப் பக்கம் என்று சொல்ல வருகிறது,
அதுவும் அந்தப் பக்கம்தான்,
தங்கை ஆவுடைத்தங்கம், நர்ஸ்.
நடுவில் சங்கரன்கோவில்,
நாலு விசைத்தறி, ராத்திரி ஷிப்ட், நான்.

கரிவலத்தில் மூன்றரை சென்ட் விற்ற பணம்.
அவர்கள் பேச்சு நின்று ஏழு வருஷம்.
அண்ணன் எனக்குப் போன் போடுவான்:
"ஏல, அவகிட்டச் சொல்லிரு,
பத்திரத்துல கையெழுத்துப் போட்டது அவதான்னு."
நான் அவளுக்குப் போடுவேன்.
"உங்க அண்ணன்கிட்டச் சொல்லிரு" என்று ஆரம்பிப்பாள்,
அவளுக்கு அவன் யாரோ போல.
பாதியைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்புவேன்.
தறிச் சத்தத்தில் காதில் விழவில்லை என்பது
எத்தனையோ தடவை உதவியிருக்கிறது.

போன மாதம் அவளுக்கு ஆபரேஷன்.
இதை யாரும் யாரிடமும் சொல்லச் சொல்லவில்லை.
நானாகச் சொன்னேன், கழிக்காமல்.
மூன்று வாரம் கழித்து அண்ணன்:
"விசா வந்துட்டு. நேரா போறேன்."
ஊருக்கு வந்துட்டுப் போயேன்.
"ஏல, அது என்ன வழியிலயா இருக்கு?"

சுவர்ப் படத்தில் ஸ்கேல் வைத்தேன்.
கோடு தருமபுரிப் பக்கம் போனது.
மகள் தனுஸ்ரீ சிரித்தாள்,
பள்ளிக்கூடத்து உருண்டையை எடுத்து வந்தாள்.
நாற்பதாம் நம்பர் நூலை
தோஹாவில் அவள் பிடிக்க, ஆக்லாந்தில் நான் பிடிக்க,
இழுத்ததும் நூல் தானாக வழுக்கி
நம் ஊருக்குக் கொஞ்சம் வடக்கே வந்து நின்றது.
கொஞ்சம் என்றால் நூலின் தடிமன்.
அப்புறம் இலங்கை, அப்புறம் வெறும் நீலம்.

ஏழு வருஷமாக அவர்கள் பேச்சு போன வழியும் அதுதான்.
அப்போது தோன்றவில்லை.
ராத்திரி இரண்டாம் தறியில் இழை அறுந்து
முடிச்சுப் போடும்போது தோன்றியது.

அங்கே இரண்டேகாலுக்குக் கிளம்புகிறது. நமக்கு நாலேமுக்கால்.
நம் தலைக்கு மேலே எட்டரை, கூடக்குறைய.
ஷிப்ட் முடிந்து, பஞ்சு ஒட்டிய தலையோடு
சைசிங் மில் மொட்டை மாடியில் ஏறினேன்.
எட்டு இருபதுக்குக் கரண்ட் போனது.
தெரு முழுக்கத் தறி நின்றது.
பூ மார்க்கெட்டில் ஏலம் கூவுவது அத்தனை தூரம் கேட்டது.
மேலே மேகம்.
ஏதோ ஒரு சத்தம் இருந்தது.
யார் வீட்டு ஜெனரேட்டராகவும் இருக்கலாம்.

இரண்டு நாள் போன் வரவில்லை.
வேலை போனவன் மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் ஆவுடை:
"உங்க அண்ணன்கிட்டச் சொல்லிரு,
ரசத்துல உப்பு இல்லன்னு."
பதினோராயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் வந்து,
பதினோராயிரத்துச் சொச்சம் திரும்பிப் போய்,
மேஜைக்கு அந்தப் பக்கம் சேர வேண்டும் அது.

அண்ணனுக்குப் போட்டேன்.
எடுத்தான்.
அவனுக்குப் பின்னால்
தட்டில் கரண்டி படும் சத்தம்.
என்னல, சொல்லு என்றான்.
தறி ஓடுது, கேக்கல என்றேன்.