கேசரிப் பவுடர்

பெயர் சொல்லக் கூடாது என்பது விதி.
ஆகையால் அவவை மலர் என்கிறேன்.
டண்டினோங்கில் ஏதோ ஒரு தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள்.
ஒரு முனையில் மலர்,
மறு முனையில் தண்ணீர்க் கம்பனியின் ப்ரீ,
நடுவில் நான்,
என் குசினி மேசையில், தலையில் ஹெட்செட்,
நிமிடக் கணக்கில் கூலி.
நான் ஒரு குழாய்.
இரண்டு பக்கத்தாலும் ஓடும்,
ஒரு சொட்டும் எனக்கில்லை.

ப்ரீ வரும்வரை பியானோ வாசித்தார்கள்.
அதற்குள் மலர் எல்லாவற்றையும் பியானோவுக்குச் சொல்லிவிட்டா:
பலகைத்தட்டு விழுந்து
புருசனின் கால் உடைந்து ஏழு கிழமை,
உடுப்புத் தோய்ப்பது இப்போது ஞாயிறு மட்டும்.

'மூண்டு மாசத்துக்கு எழுநூற்றுப் பதினெட்டு டொலர்.
நாங்கள் என்ன, யானையோ வளர்க்கிறம்?'

யானையையும் மொழிபெயர்க்க வேண்டும். பெயர்த்தேன்.
ப்ரீ சிரிக்கவில்லை,
விசைப்பலகைச் சத்தம் மட்டும்.
பிறகு, அதில் ஒரு பங்கு கழிவுநீர்க் கட்டணம் என்றாள்.
'வாங்கின தண்ணியைத் திருப்பிக் குடுக்கவும் காசோ?'
அதையும் சுமந்துபோய் இறக்கினேன்,
முகம் மாறாமல்.
முகத்தை யார் பார்க்கிறார்கள்.

பிறகு அந்தக் கேள்வி.
ப்ரீயின் திரையில் எழுதிவைத்திருக்கும் கேள்வி:
பணம் கட்டுவதில் உங்களுக்குக் கஷ்டம் ஏதும் இருக்கிறதா?

'சீச்சீ, அப்பிடி ஒண்டும் இல்லை.'

சாப்பிட்டாச்சோ என்று கேட்டவருக்கு
வெறும் வயிற்றோடு சொல்கிற
'ஓம், இப்பத்தான்'
அதன் தங்கைதான் இது.

ஓம் என்று சொல்லுங்கோ மலர்.
அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால்
தவணை இருக்கிறது, தள்ளுபடி இருக்கிறது,
காசில்லாமல் வந்து பார்க்கும் குழாய்க்காரர் இருக்கிறார்.
நாளுக்கு ஆறு தரம் இதையெல்லாம் மொழிபெயர்க்கிறேன்.
ஆனால் நானாகச் சொல்லக் கூடாது.
குழாய் தானாக ஊறாது.

'இல்லை' என்று ஆங்கிலத்தில் வைத்தேன்.
வைக்க முன்னர் ஒரு மூச்சு விட்டேன்.
கொஞ்சம் நீளமான மூச்சு.
விதியில் மூச்சைப் பற்றி ஒன்றும் இல்லை.

ப்ரீயின் விசைகள் நின்றன.
திரையில் இல்லாத கேள்வி ஒன்று கேட்டாள்:
இதைக் கட்டுவதற்காக
வேறு எதையாவது நிற்பாட்ட வேண்டி வருமா?

மலரின் பக்கத்தில் ஒரு ரயில் போனது.
முழு ரயிலும்.

'மகளின்ர நீச்சல் வகுப்பு.
போன கிழமையே நிற்பாட்டியாச்சு.'

அதன் பிறகு எல்லாம் இலகுவாக ஓடியது.
இரண்டு கிழமைக்கு ஒருக்கா இருபத்தைந்து டொலர்.
தண்ணீரை வெட்டமாட்டார்கள், தண்டமும் இல்லை.
கழிப்பறைத் தொட்டி ஒழுகுதோ என்று பார்க்க
அதற்குள் சாப்பாட்டுச் சாயம் கொஞ்சம் போட்டுவிட்டு
விடியும்வரை தொடாமல் விடுங்கள் என்றாள் ப்ரீ.
'கேசரிப் பவுடர்' என்றேன் நான்.
எங்கள் சொற்பட்டியலில் அது கிடையாது.
'ஓ, அதுவோ' என்றா மலர்,
அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்து.

நாற்பத்தொரு நிமிடம்.
ஹெட்செட்டைக் கழற்றினேன்.
குளிர்சாதனப் பெட்டியின் கதவில்
மாம்பழக் காந்தத்தின் கீழ் என் பில்,
இரண்டாவது நினைவூட்டல், சிவப்பு எழுத்து.
வீடு அடங்கியதும் அந்தச் சத்தம் கேட்டது,
யாரோ காதுக்குள் குசுகுசுப்பது போல.
எத்தனை மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்ததோ.
ஒரு சிட்டிகை போட்டேன்.

விடிய எழும்பிப் பார்த்தால்
பீங்கான் முழுக்கக் கல்யாணவீட்டுக் கேசரி.

ஒன்பது மணிக்கு நானே அழைத்தேன்.
அதே பியானோ.
மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார்கள்.
வேண்டாம் என்றேன்.
பணம் கட்டுவதில் கஷ்டம் ஏதும் இருக்கிறதா என்றார்கள்.
'நொட் அற் ஓல்' என்றேன்,
உச்சரிப்பில் ஒரு பிழை இல்லாமல்.

நடுவில்
மூச்சு விட ஆளில்லை.