ஏழாவது குழி

வருஷத்தில் ஒரு மதியம்,
ஜனவரியில், அறைகள் பாதி காலியாயிருக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை,
மைதானத்தை எங்களுக்கு விடுவார்கள்.
சலவை, சமையல், வரவேற்பு, தோட்டம்
எல்லாம் கலந்து நால்வர் நால்வராய்.
வாடகை மட்டை இலவசம்.
தொலையும் பந்துக்குச் சம்பளத்தில் பிடித்தம் இல்லை என்று
நோட்டீஸில் தனி வரியாகவே போட்டிருந்தது.

பதினோரு வருடமாய் இந்தப் புல்லை வெட்டுகிறேன்.
எந்தச் சரிவில் பனி கடைசியாய்க் காயும்,
பன்னிரண்டாவது பங்கரில் எந்த மூலையில்
நரி மணலைக் கிளறும், தெரியும்.
ஒரு பந்தைக்கூட அடித்ததில்லை.

நேற்று மாலை ஒரு டச்சுக்காரர்
என் வண்டியின் சத்தம் தன் வீச்சைக் கெடுத்ததென்று
பெயர் கேட்டார். நான் சொல்வதற்குள்
சட்டையில் தைத்திருந்ததை உரக்க வாசித்தார்,
ஸெஃபெரீனு என்பதில் நடு எழுத்து இரண்டை விழுங்கி.
மேலாளரிடம் சொல்லும்போதும் அப்படியேதான் விழுங்கியிருப்பார்.

இன்று விடியலில்
ஏழாவது கிரீனில் நான் கொடி நட்டது
மேட்டின் தோளில்.
பந்து நிற்க ஆசைப்பட்டாலும்
நிற்க முடியாத இடம்.
விதிப்படி சரிதான். விளிம்பிலிருந்து நாலு தப்படி,
இரண்டு முறை நடந்து அளந்தேன்.
அவருக்கு எட்டரைக்கு ஆட்டம்.

ஏழரைக்குக் கடலிலிருந்து மழை ஏறி வந்தது.
காலை ஆட்டம் எல்லாம் ரத்து.
டச்சுக்காரர் பெட்டிகளோடு ஃபாரோ விமான நிலையத்துக்குப் போய்விட்டார்.
ஒரு மணிக்கு வெயில். நாங்கள் வந்தோம்.
குழியை மாற்றியிருக்கலாம்.
மறந்துவிட்டேன்.

சலவை அறை லுதுவீனா
ஈரப் படுக்கை விரிப்பை உதறுகிற மாதிரி வீசினாள்.
பந்து நேராய்ப் போனது. அவளுக்கே பிடிக்கவில்லை,
இவ்வளவுதானா என்றாள்.
வியாழன்தோறும் குளத்தில் முங்கிப் பந்து பொறுக்கும் அமதேயு
தன் முதல் பந்தைக் குளத்துக்கே அனுப்பிவிட்டு,
கிடக்கட்டும், நாளை மறுநாள் பார்த்துக்கொள்கிறேன் என்றான்.
இரவுக் காவலர் ஒஸ்வால்து நான்காவது குழிக்குப் பிறகு
வண்டியிலேயே தூங்கிப்போனார்.
அவரையும் சேர்த்தே ஓட்டிக்கொண்டு போனோம்.

ஏழாவதில்
என் மூன்றாவது அடி கிரீனில் விழுந்தது.
கொடிக்கு ஐந்தடி.
கைதட்டினார்கள். நான் தொப்பியைக்கூடக் கழற்றினேன்.

மெல்லத் தட்டினேன். பந்து ஏறியது, குழியருகே
ஒரு கணம் யோசித்தது, திரும்பி வந்து
என் பூட்ஸில் முட்டியது.
மறுபடி. அது மறுபடியும் வந்தது,
கடன் கேட்டுப் போன மச்சான் போல.
கொஞ்சம் பலமாய்த் தட்டினால் அந்தப் பக்கம் வழிந்து
புல்லின் ஓரம் வரை போனது.
லுதுவீனா ஐந்து வரை சத்தமாய் எண்ணினாள்.
பிறகு மரியாதைக்கு நிறுத்திக்கொண்டாள். அமதேயு நிறுத்தவில்லை.

'எந்தக் கழுதை இங்கே கொடி வைத்தது?' என்றாள் அவள்.
நான் குனிந்து
எங்கோ ஒரு பந்து பறித்த வடுவைச் சரிசெய்தேன்.
'எடுத்துவிடு, ஆறு என்று போட்டுக்கொள்ளலாம்.'
எடுக்கவில்லை.

வயிறு நனைய ஈரத்தில் படுத்து
பந்தின் உயரத்திலிருந்து பார்த்தேன்.
மூன்று மில்லிமீட்டருக்கு நானே சிரைத்த புல்
அங்கிருந்து பார்த்தால் சாய்ந்த காடு.
எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது.
வெட்டும் இயந்திரத்தை நான் எப்போதும்
ஒரே திசையில் ஓட்டுகிறேன் போல.

பதினொன்றாவது தட்டலில் விழுந்தது.

இதுவரை வெட்டிய குழிகள்
நாற்பதாயிரம் இருக்கும்.
ஒன்றிலும் பந்து விழும் ஓசையைப்
பக்கத்தில் நின்று கேட்டதில்லை.
காலிப் பாத்திரத்தில் கரண்டி விழுந்த மாதிரி,
அதைவிடக் கொஞ்சம் பதவிசாய்.
ஒஸ்வால்து விழித்து, யார் அங்கே என்றார்.

புதன், காலை ஆறு மணி.
நேற்றைய குழியில் மண்கட்டியைத் திரும்ப வைத்து
இரண்டு முறை மிதித்தேன்.
குழிவெட்டியை ஊன்றியபடி
எங்கே இறக்கலாமென்று வெகுநேரம் நின்றேன்.
எட்டரைக்கு நான்கு நார்வேக்காரர்கள் வருகிறார்கள்.
அவர்களோடு எனக்கு ஒரு பகையும் இல்லை.
மணி ஆறுதானே ஆகிறது.