வெளிச்சம் எந்தப் பக்கம்

புதன்கிழமை, மதியச் சோற்றுக்குப் பிந்தைய வகுப்பு.
கோகிலவாணி பலகையைச் சுவரில் சாய்த்தாள்.
நாலடிக்கு மூன்றடி பிளைவுட்.
சோமனூர் பஸ்ஸில் யார் மூட்டையோ இடித்து
ஒரு மூலை நைந்திருந்தது.
அடியில் பென்சிலில் தலைப்பு:
எங்க வீடு, அப்புறமும்.

குறை சொல்லும் முறை அன்று என்னுடையது.

கீழ்ப்பாதி நன்றாயிருக்கிறது என்றேன்.
திருப்பூர் கட்டிங் வேஸ்ட்டை
நிறம் நிறமாய் அடுக்கித் தோட்டத்து மண் ஆக்கியது,
வாசற்படிக்கு உடைந்த தறி நாடா,
பழைய குடும்ப அட்டையின் நகலை
மடித்து மடித்து ஓட்டுக்கூரை வேய்ந்தது.
அதில் ஒரு பேரின்மேல் நீல மைக் கோடு,
நடுங்கி, இரண்டு தடவை.
அந்த இடம் அற்புதம்.

மேல்பாதிதான் ஏமாற்றுகிறது.
பஞ்சு வேண்டாம். மேகம் என்றால்
யார் கையும் முதலில் பஞ்சுக்குத்தான் போகும்.
செத்தவர்கள் ஏன் ஒரே மாதிரி சிரிக்க வேண்டும்?
உன் பெரியப்பாவும் சித்தப்பாவும்
ஒரு வரப்புக்காகப் பதினோரு வருசம்
பல்லடம் கோர்ட்டுக்கு நடந்தவர்கள்.
நீதான் சொன்னாய்.
இங்கே தோள்மேல் கை போட்டு நிற்கிறார்கள்.
மேலே போய் எந்த ஜட்ஜு தீர்த்து வைத்தார்?

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள்.
அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கேறிவிட்டது.

அப்புறம் ஒரு பிழை, என்றேன்.
மேலே ஆறு பேர்.
ஐந்து பேருக்கு நிழல் இல்லை, சரி.
ஓரத்தில் அந்தப் பச்சைச் சுடிதாருக்கு மட்டும்
காலடியில் கரித்தூள் நிழல்.
வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது?
ஒன்று எல்லாருக்கும் போடு,
இல்லை இதை அழி.
பாதத்துக்குக் கீழே மூன்று பஸ் டிக்கெட் எதற்கு,
இடம் நிரப்பவா?

கோகிலவாணி துப்பட்டா நுனியால்
பலகை விளிம்பைத் துடைத்தாள்.
அங்கே தூசி ஒன்றும் இல்லை.

"அது எங்கக்கா மரகதமுங்க.
தறிக்கு வந்த பையனோட போயிட்டா.
அப்பா பேரூருக்குப் போயி
மொட்டை போட்டுட்டு
ஆத்துல எள்ளுந் தண்ணியும் எறச்சுட்டு வந்தாரு.
வூட்டுல காக்காய்க்குச் சோறு வெச்சாங்க.
அதும் வந்து தின்னுட்டுப் போச்சு,
காக்காய்க்கு என்னங்க தெரியும்.
அதனால அவளை மேலதான் ஒட்டோணும்.
ஆனா அவ கோபியில இருக்கறா.
இருந்தா நெழல் விழுகுமில்லீங்க."

மின்விசிறி சுற்றியது.
கூரையில் ஒரு ஓடு லேசாய் எழும்பி அமர்ந்தது,
நீலக் கோடு உள்ள ஓடு.

"கண்காட்சிக்கு அப்பா வருவாரு.
அழிச்சிரட்டுங்களா?"

நான் குனிந்து டிக்கெட்டுகளைப் பார்த்தேன்.
அவினாசி வழி, கோபி.
மூன்றும் ஞாயிற்றுக்கிழமை.
ஒன்றில் அரை டிக்கெட் சேர்ந்திருந்தது,
யாருக்கென்று நான் கேட்கவில்லை.

குறிப்பை எழுத்தில் தரச் சொன்னார் ஆசிரியர்.
பஞ்சை எடுக்கவும். அதில் மாற்றமில்லை.
சித்தப்பாவின் கையை இறக்கவும்.
நிழல்: இப்படிக் கொண்டுபோனால்
அடுத்த பஸ்ஸிலேயே உதிர்ந்துவிடும்.
மேலே ஏதாவது அடித்து நிறுத்தவும்.

படியிறங்கும்போது
பலகையின் மறுமுனையை நான் பிடித்திருந்தேன்.
"ஹேர் ஸ்பிரே போதுங்களா?" என்றாள்.

போதும்.
ரெண்டு தடவை அடி.