மேலும் தகவலுக்கு

சாந்தியாகோ நகரில், பதினான்காம் மாடியில்,
இரவு பதினொன்றே முக்காலுக்கு
ஏழாவது வரைவைத் திறக்கிறாள்
ரொமினா ஓயர்சூன்.

முதல் வரைவில் ஒரு மனிதன் இருந்தான்.
வயது இருபத்தாறு. முக்குளிப்பவன்.
கல்புக்கோவுக்குத் தெற்கே, குளிர்க்கடலில்,
சால்மன் கூண்டின் கிழிந்த வலையைத் தைக்க
அன்றைக்கு மூன்றாம் முறையாக இறங்கியவன்.
இரண்டு முறைக்கு மேல் கூடாது என்பது
படகுத்துறைச் சுவரில் ஒட்டியிருந்த விதி.

இரண்டாம் வரைவில் அவன் 'பணியாளர்' ஆனான்.
மூன்றாவதில் 'ஒப்பந்ததாரரின் பணியாளர்'.
ஐந்தாவதில் 'நிகழ்வு'.

வழக்கறிஞர் எச்செவெரியா தொலைபேசியில் சொன்னார்:
'மன்னிப்பு' வேண்டாம், அது ஒப்புதல்.
'வருத்தம்' போதும்.
வருத்தத்தின் மேல் யாரும் வழக்குப் போட முடியாது.

எழுவாயைத் தூக்கியாயிற்று.
தாளில் இப்போது வினைகள் மட்டும்
ஆளில்லாமல் நிற்கின்றன:
நேர்ந்தது. நிகழ்ந்தது. இழக்கப்பட்டது.
அவள் பேசும் ஸ்பானியத்தில்
கோப்பையை யாரும் உடைப்பதில்லை,
அது தானே உடைந்துகொள்ளும்.
நம் மொழியில் இன்னும் வசதி.
செத்தவனையே 'தவறிவிட்டான்' என்போம்,
தவறு அவனுடையது போல.

பக்கத்து மேசைக் கணினியில்
தீவுக்காரர்கள் நாற்பது பேர் பிறந்துகொண்டிருக்கிறார்கள்.
ஒருத்திக்கு உருளைக்கிழங்கு வயல்,
ஒருவனுக்கு அடமானத்தில் படகு,
எழுத்துப் பிழைகூட ஆளுக்கு ஏற்ற அளவில்.
கம்பெனி இல்லாவிட்டால் எங்களுக்கு ஏது பிழைப்பு என்று
நாற்பது விதமாகச் சொல்லக் காத்திருக்கிறார்கள்,
விடியட்டும் என்று.

இது தகுமா என்று
போன மாதம் வால்பராய்சோவில் ஓர் அமர்வு நடந்தது.
தலைமை: ரொமினா ஓயர்சூன்.
கடல் தெரியும் அறை. காப்பி, பிஸ்கட்.
தீர்மானம்: தொடர்ந்து விவாதிப்போம்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவளும் நிருபர்தான்.
அந்தச் செய்தி அறையில் அப்போது எழுபது பேர்.
இப்போது ஒன்பது.
ஒன்பது பேரும் நல்லவர்கள், களைத்தவர்கள்,
அவள் அனுப்புவதற்குத் தலைப்பு மட்டும் மாற்றுவார்கள்.
சில நாள் அதையும் மாற்றமாட்டார்கள்;
அன்றைக்கெல்லாம் அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகவும்
அதைவிடக் கொஞ்சம் அதிகமாக
வயிற்றைப் புரட்டிக்கொண்டும் இருக்கும்.

காலை ஆறுக்கு அறிக்கை போனது.
ஆறரைக்கு வரைபடம் சிவப்பிலிருந்து மஞ்சளானது.
யாரோ கைதட்டினார்கள்.

ஏழு இருபதுக்கு அழைப்பு.
நிருபர் என்று நினைத்து எடுத்தாள்.
முப்பத்திரண்டு கேள்விக்கு விடை
கைக்கெட்டும் தூரத்தில், நெகிழித் தாளுக்குள்.

"நான் எர்சிலா சிகுவாய்.
எலியேசரோட அக்கா.
'மேலும் தகவலுக்கு'ன்னு
கடைசி வரியில இந்த நம்பர் போட்டிருந்தது.
அவன் பூட்ஸ் உங்க லாக்கர்ல இருக்கு.
போன வாரம் வாங்கினது.
சின்னவனுக்குச் சரியா இருக்கும்.
சாவிய யார்கிட்டக் கேக்கணும்?"

முப்பத்திரண்டில் இது இல்லை.

ஜன்னலுக்கு வெளியே மலைத்தொடர்
புகைமூட்டத்தில் பாதி இருந்தது, பாதி இல்லை.

"பார்க்கிறேன்" என்றாள்.

உலகில் எல்லா அலுவலகங்களிலும்
கதவைச் சாத்தும் சொல் அது.
ஆனால் எழுவாயை எங்கே ஒளித்தாலும்
விகுதி காட்டிக்கொடுத்துவிடுகிறது:
தன்மை. ஒருமை.

அக்கா போனை வைக்கவில்லை.
இவளும் வைக்கவில்லை.
மஞ்சள் கோடு பச்சையை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.
ஏழாவது வரைவைத் திருப்பிப் போட்டு,
அதன் வெற்றுப் பக்கத்தில் பேனாவை வைத்து,
"லாக்கர் நம்பர் என்ன?" என்று கேட்டாள்.

மறுமுனையில்
காகிதம் தேடும் சத்தம்.